அருவியின் தலைமாட்டில்

1

இந்த வருஷமும் இசக்கி வீடியோ அனுப்பிவிட்டான்.

இசக்கி என் சித்தப்பா மகன். தென்காசியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்த அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு ஓடிப்போய், அருவிக்கு எதிரே நின்று படம் பிடித்து, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். கூடவே குரலில் ஒரு சேதி வேறு: "எக்கா, சீசன் ஆரம்பிச்சாச்சு. தண்ணி கொட்டு கொட்டுன்னு கொட்டுது. நீங்க அங்கன கெடந்து வெயில்ல வேகுதிய!"

வழக்கமாக உடனே திட்டிப் பதில் போடுவேன். "எங்களுக்குக் கங்கையே வாசல்ல ஓடுதுலே, உன் அருவிய நீயே வச்சுக்கோ" என்கிற மாதிரி ஏதாவது. இந்தத் தடவை பதில் போடவில்லை. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அருவியை அல்ல. அதற்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிற பெண்களை. ஒவ்வொருத்தியும் கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, என்ன ஒரு நிம்மதி அந்த முகங்களில்! எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

ஊர்ப் பத்திரிகைக்குக் கல்கத்தாவிலிருந்து அவ்வப்போது எழுதுகிறவள் நான். துர்கா பூஜைக் கூட்டம், மீன் மார்க்கெட்டில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது, மேல்வீட்டு மாஷிமாவின் ஹோமியோபதி என்று எழுதியிருக்கிறேன். கோமதி சிரிக்கச் சிரிக்க எழுதுவாள் என்று ஊரில் ஒரு பேர். இந்தத் தடவை அப்படி வராது. பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

என் மகளுக்கு உடம்பு சரியில்லை. உடம்பு என்று சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. மனசுக்குத்தான் சரியில்லை.

2

அவள் பெயர் செண்பகா. குற்றாலத்து மலைமேல் இருக்கிற செண்பகாதேவியை நினைத்து நான் வைத்த பெயர். இங்கே டாக்குரியாவில் பிறந்த நாளிலிருந்தே தெருவுக்கு அவள் சம்பா. இங்கே பள்ளிக்கூடம், இங்கே காலேஜ், சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தமிழ் பேசுவாள். ஆனால் கோபம் வந்தால் வங்காளம், தூக்கத்தில் உளறினால் வங்காளம்.

அவள் அப்பாவும் கல்கத்தாவில் பிறந்தவர்தான். அவருடைய தாத்தா கும்பகோணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்து பவானிபூரில் குடியேறியவர். அதனால் என் வீட்டுக்காரர் சீனிவாசன் தமிழ் பேசுகிற வங்காளி. ஆகஸ்ட் மாதத்திலும் மழைச்சாரல் பட்டால் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொள்வார். சத்தம்போட்டுப் பேசத் தெரியாது. வீட்டில் சத்தத்துக்கெல்லாம் நான்தான்.

போன பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு திங்கட்கிழமை செண்பகா ஆபீசுக்குப் போகவில்லை. தலைவலி என்றாள். மறுநாளும் தலைவலி. ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. குளிக்கச் சொன்னால் குளிப்பாள், சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய். நான் என்ன செய்தேன்? என்னால் முடிந்ததைத்தான். திட்டினேன். "ஏட்டி, பொழுதன்னைக்கும் படுத்துக் கெடந்தா எல்லாருக்கும் தலதான் வலிக்கும்" என்றேன். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். ஊரிலிருந்து யாரும் போன் பண்ணிக் கேட்கவும் வேண்டாம்.

அதற்குப் பிறகு வீடே மாறிப்போனது. குளியலறையில் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம். பால்கனி முழுக்கக் கம்பி அடித்தாயிற்று. கம்பி அடிக்க வந்த ஆள், "திருடன் பயமா பௌதி?" என்று அண்ணி முறை வைத்துக் கேட்டான். ஆமாம் என்றேன். மாத்திரை டப்பாவை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் அறையில் விளக்கணைத்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும், போட்டால் அதற்கும் படபடக்கும்.

லேக் கார்டன்ஸில் ஒரு டாக்டரம்மா. நல்ல மனுஷி. செண்பகாவை உள்ளே வைத்துப் பேசுவாள், நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கதவு வழியே என் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும். வங்காளத்தில் அழுவாள். எனக்கு இத்தனை வருஷத்தில் வாய்த்ததோ காய்கறிக்கடை வங்காளம். கத்தரிக்காய் சொத்தை என்று சொல்லத் தெரியும், பால்காரனோடு சண்டை போடத் தெரியும். உள்ளே அவள் என்ன சொல்லி அழுகிறாள் என்பது பாதிதான் புரியும். பெற்றவளுக்கு இது ஒரு தண்டனை ஐயா.

"மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும். அவகிட்ட மறைக்காம பேசுங்க, நேரா கேளுங்க" என்பாள் டாக்டரம்மா. நான் தலையை ஆட்டுவேன். வீட்டுக்கு வந்து, "சாப்பிட்டியாட்டி, மாத்திரை போட்டியாட்டி" என்று கேட்பேன். அதற்கு மேல் என் வாய் திறந்ததில்லை.

இதற்கு நடுவில் கம்பெனிக்காரர்கள் வேறு. வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். மனநல டாக்டர் கொடுத்தால் செல்லாது, பொது டாக்டர் கொடுக்க வேண்டும் என்றார்கள். பொது டாக்டரிடம் போனால், "இது மனநல டாக்டர் கொடுக்கவேண்டியது ஆச்சே" என்கிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் வெயிலில் குடையோடு அலைந்தார். நான் கம்பெனிக்குப் போன் போட்டு எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் வைதேன். நான்காவது பாஷையில் ஒரு பெண், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

3

இசக்கியின் வீடியோ வந்த அதே வாரம் மாஷிமா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மாஷிமா என்றால் இங்கே பெரியம்மா; எண்பதை நெருங்குகிறாள். எங்கள் விஷயம் முழுக்கத் தெரிந்த ஒரே வெளி ஆள்.

"கோமதி, சம்பாவை ஹாவா பொதோலுக்குக் கூட்டிட்டுப் போ. இந்தச் சுவரையே பாத்துக்கிட்டிருந்தா யாருக்குத்தான் சரியாகும்?" என்றாள்.

ஹாவா பொதோல் என்றால் காற்று மாற்றம். வங்காளிகளுக்கு இது ஒரு பெரிய வைத்தியம். சீக்காளியா, பிள்ளை பெற்றவளா, பரீட்சையில் தோற்றவனா, யாராக இருந்தாலும் மூட்டை கட்டி மேற்கே அனுப்பிவிடுவார்கள். மேற்கே என்றால் ஜார்க்கண்ட் பக்கத்து மேட்டுநிலம். அங்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கல்லையும் செரிக்க வைக்கும் என்பார்கள்.

"அங்கே என்ன இருக்கு மாஷிமா?"

"சால மரக்காடு இருக்கு, மலை இருக்கு. ரோடு போற வழியெல்லாம் அருவி."

அருவி என்றதும் என் மூளையில் பொறி தட்டியது. தென்காசிக்காரியிடம் அருவி என்று சொன்னால் அவள் காதில் விழுவது மருந்து என்றுதான். மலைமேல் மூலிகையெல்லாம் கழுவிக்கொண்டு இறங்குகிற தண்ணீர், தலையில் விழுந்தால் பித்தம் இறங்கும், மனசு தெளியும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். மூளை கலங்கியவர்களைக் கொண்டுவந்து அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா, மொட்டையடித்த வாலிப மகனை இழுத்துக்கொண்டு வந்து, தலையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்திக்கொண்டு நிற்பாள். அவன் கத்துவான். அவளும் அழுவாள், பிடியை விட மாட்டாள். நாங்கள் பெண்கள் பகுதியில் நின்று வேடிக்கை பார்ப்போம். அவன் குணமாகிப் போனானா என்று யாருக்கும் தெரியாது.

படித்தவள்தான் நான். பி.காம். மாத்திரையை நிறுத்திவிட்டு அருவியில் நிறுத்தலாம் என்று நினைக்கவில்லை. மாத்திரையும் இருக்கட்டும், அருவியும் இருக்கட்டும் என்றுதான். ஒருவேளை பலிக்கலாம் இல்லையா? பெற்ற பிள்ளை அந்தக் கிடை கிடந்தால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

குற்றாலத்துக்கே போய்விடலாமா என்று அவளிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "அங்க எல்லாரும் என்னையே பாப்பாங்க மா."

உண்மைதான். எல்லாரும் பார்ப்பீர்கள். கோமதி மகளுக்கு என்னவாம், இன்னும் கல்யாணம் ஆகலியாமே என்று விடிய விடியப் பேசுவீர்கள். நானும் உங்களுக்குப் பயந்துதான் இத்தனை மாதம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

"அப்பம் மேற்க போவோமாட்டி? காட்டு வழி. வண்டிய விட்டு எறங்க வேண்டாம், இஷ்டம்னா எறங்கு."

"ச்சலோ, போலாம்" என்றாள். எனக்குக் காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

ஆகஸ்ட் நடுவில் விடுமுறை சேர்ந்து வந்தது. என் வீட்டுக்காரர் அசல் வங்காளிப் பிரயாணிபோல மூட்டை கட்டினார். தெர்மாஸ், பொரி, வயிற்றுப்போக்கு மாத்திரை, டார்ச், மூன்று குரங்குக் குல்லாய். நான் தனியாக ஒரு பை கட்டினேன். நல்லெண்ணெய், சீயக்காய்த்தூள், துண்டு, மாற்றுத்துணி, எலுமிச்சம்பழம்.

"எலுமிச்சம்பழம் எதுக்கு கோமு?" என்றார்.

"வழியில ஜூஸ் போட."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பையை எடுத்துத் தம் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

4

பாப்பி என்று ஒரு டிரைவர். எங்கள் தெருப் பையன்களுக்கெல்லாம் அண்ணன், அதாவது பாப்பிதா; என்னைக் காக்கிமா, சித்தி என்பான். காலையில் புறப்பட்டு, கரக்பூர் தாண்டி, அன்றைக்கு வழியிலேயே ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் காட்டுக்குள் போகிற நெடுஞ்சாலையைப் பிடித்தோம்.

சொல்லக்கூடாது, நல்ல ரோடு. மழை பெய்து கழுவிவிட்ட சால மரங்கள், சிவப்பு மண், வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. செண்பகா ஜன்னலை இறக்கிவிட்டு முகத்தைக் காற்றில் வைத்துக்கொண்டாள். ஒரு இடத்தில் மாட்டுக்கூட்டம் ரோட்டை மறித்தபோது, "பாப்பிதா, ஹாரன் அடிக்காதே, கன்னுக்குட்டி இருக்கு" என்று வங்காளத்தில் சொன்னாள். யாரும் கேட்காமல் அவளாகச் சொன்ன வார்த்தை. நான் வீட்டுக்காரரின் கையைக் கிள்ளினேன். அவர் மப்ளருக்குள் சிரித்தார்.

முதல் அருவி ரோட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் வந்துவிடும் என்றான் பாப்பி. நடந்தோம். விடுமுறைக் கூட்டம். நாலு பக்கமும் பிக்னிக், பெரிய பெட்டிகளில் பாட்டு, அண்டாவில் ஆட்டுக்கறி கொதிக்கிறது. அருவி நல்ல உயரம். ஆனால் தண்ணீர்! செம்மண்ணைக் கரைத்து ஊற்றிய மாதிரி தண்ணீர். அதற்கு முன்னால் கயிறு கட்டி, விசிலோடு ஒரு காவல்காரர்.

நான் பையிலிருந்து துண்டை எடுத்தேன். விசில் அடித்தார்.

"குளிக்கக் கூடாது" என்றார் ஹிந்தியில்.

"ஓரமா நின்னு தலையை மட்டும் நனைச்சுக்கறோம்."

"கூடாது. ஆழம் இருக்கு. வருஷா வருஷம் ஆள் போகுது."

"அப்போ எதுக்கு இந்த அருவி?"

அந்த மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாக்கறதுக்கு" என்றார்.

பார்ப்பதற்காம்! எங்கள் ஊரில் அருவியை வேலையத்தவன்கூடப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். எனக்குக் கோபமான கோபம். "பொம்பளைங்க குளிக்க ஒரு இடம்கூட ஒதுக்கத் துப்பில்ல, பாக்கறதாம்ல" என்று தமிழில் பொரிந்து தள்ளினேன். என் வீட்டுக்காரர், "ஷாந்தமா இரு கோமு" என்று கையைப் பிடித்து இழுத்தார். வங்காளிக் குடும்பங்கள் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி, "கீ ஷுந்தோர், கீ ஷுந்தோர்" என்று உருகிக்கொண்டிருந்தார்கள். என்ன அழகு, என்ன அழகு என்று அர்த்தம். என்னைத் தவிர எல்லாருக்கும் அது போதுமாயிருந்தது.

செண்பகா ஒரு பாறைமேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் சிரிப்பா என்று சந்தேகம். அது சிரிப்பாக இருந்தால் இன்னும் பத்துப் பேரோடு சண்டை போட நான் தயார்.

"பாப்பி, குளிக்கிற மாதிரி அருவி ஒண்ணு காட்டு" என்றேன் வண்டியில் ஏறியதும்.

"முன்னால ஒண்ணு இருக்கு காக்கிமா. பெருசு. கூட்டம் கம்மி" என்றான்.

5

இந்த இடத்தில் எங்கள் ஊர் அமைப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குற்றாலத்துக்குப் பஸ்ஸில் வருகிறோம். இறங்கி நடக்கிறோம். அருவி எதிரே, தலைக்கு மேலே இருக்கிறது. நாம் எப்போதும் அதன் காலடியில்தான் நிற்கிறோம். அருவி என்றால் மேலிருந்து நம்மேல் விழுவது. அதற்கு ஒரு மேல்பக்கம் உண்டு, அங்கேயும் மனுஷர்கள் போய் நிற்கலாம் என்று என் ஜென்மத்தில் நான் யோசித்ததில்லை.

அந்த மேட்டுநிலம் வேறு மாதிரி. ரோடு மேலேயே போகிறது. ஆறும் மேலேயே போகிறது. இரண்டும் சமதளத்தில் பக்கத்தில் பக்கத்தில் போய், ஓரிடத்தில் நிலம் சட்டென்று முடிந்துவிடுகிறது.

இது எனக்குத் தெரியாது.

வண்டியை நிறுத்திய இடத்தில் ஒரு டீக்கடை, உப்பு மிளகாய்த்தூள் போட்டுக் கொய்யாக்காய் விற்கிற ஒரு பெண், சிமென்டுப் பாதை. பக்கத்திலேயே ஆறு, முழங்கால் ஆழம்தான் இருக்கும், கருப்புப் பாறைமேல் தெளிவாக ஓடுகிறது. தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. சத்தம் வேறு காதை அடைக்கிறது. அருவி பக்கத்தில்தான்.

வீட்டுக்காரர் டீ வாங்கப் போனார். நான் பாதை ஓரத்தில் குத்தவைத்து, பையைப் பிரித்து, எண்ணெய்ப் பாட்டிலையும் துண்டையும் எடுத்து வைத்தேன். எலுமிச்சம்பழத்தை எப்படி அவளுக்குத் தெரியாமல் நறுக்குவது என்று யோசித்தேன். பிறகு அருவி எங்கே என்று பார்த்தேன். சத்தம் கேட்டால் எங்கள் ஊர்க்காரி தலையை உயர்த்தித்தான் பார்ப்பாள். உயர்த்தினேன். வானம்தான் இருந்தது. மரமில்லை, மலையில்லை, வெறும் வானம்.

சத்தம் கீழேயிருந்து வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பினேன். செண்பகா பக்கத்தில் இல்லை. தூரத்தில், பாதை ஓரத்துக் கம்பி முடிகிற இடத்துக்கும் அப்பால், வழவழவென்ற பாறைமேல் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் ஆறு போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் ஆறு இல்லை. புகைபோல ஏதோ கீழிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால்கனிக்குக் கம்பி அடித்தவள் நான். தாழ்ப்பாளைக் கழற்றியவள் நான். அதே நான்தான் துண்டும் எண்ணெயும் கட்டிக்கொண்டு, டிரைவர் வைத்து, அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவாள். செருப்பை உதறிவிட்டு ஓடினேன். எண்ணெய்ப் பாட்டில் காலில் பட்டு உருண்டது. பாறையில் கால் வழுக்கியது. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, அவள் மணிக்கட்டு என் கையில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். அவள் போனால் நானும் கூடவே போவது என்று என் கைகள் என்னைக் கேட்காமலே தீர்மானித்திருந்தன. அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை.

"மா! கையை விடு. வலிக்குது."

"விட மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க மா."

"பாக்கட்டும். பாத்துட்டுப் போவட்டும்."

அவளை நாலு எட்டு பின்னால் இழுத்தேன். வந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் வந்தும் நான் பிடியைத் தளர்த்தவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள்.

"நீ என்ன நெனச்ச மா?"

டாக்டரம்மா நேராகக் கேளுங்கள் என்று சொன்னதை நான் ஒரு நாளும் செய்ததில்லை. மாசி மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை. இப்போது இந்த இரைச்சலில் மெதுவாகவும் சொல்ல முடியாது.

"குதிச்சிருவியோன்னு நெனச்சேன்ட்டி!" என்று கத்தினேன்.

பக்கத்தில் ஒரு குடும்பம் கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தார்கள். சுற்றிலும் ஒரு மனுஷனுக்கும் தமிழ் தெரியாது. கல்கத்தாவுக்கு வந்த நாளிலிருந்து அதைக் குறையாகவே சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் அதற்காகச் சாமியைக் கும்பிட்டேன்.

செண்பகாவுக்குக் கோபம் வரவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தண்ணி எங்க போகுதுன்னு பாத்தேன் மா." முகத்தில் தெறித்த சாரலைத் துடைத்தாள். "அதையும் நெனச்சேன்."

"எதை?"

"நீ சொன்னதை. ரெண்டையும் நெனச்சேன்."

அந்தச் சிமென்டுப் பாதையிலேயே உட்கார்ந்தேன். அவள் கை என் பிடியில் இருந்ததால் அவளும் உட்காரவேண்டியதாயிற்று.

"இனிமே நெனைக்க மாட்டேன்னு சொல்லு."

"அப்படிச் சொல்ல முடியாது மா."

"எனக்காகச் சொல்லுட்டி."

"பொய் சொல்லட்டுமா?"

தென்காசி முழுவதையும் ஒரே மூச்சில் வைது தீர்க்கக்கூடியவள் நான். இவளை வைய முடியாது. அடிக்க முடியாது, கெஞ்சியும் பார்த்தாயிற்று, மருந்தும் அருவியும் சாமியும் ஆயிற்று. அவள் உள்ளே நடப்பதை நான் கைநீட்டித் தொட முடியாது. மணிக்கட்டைத்தான் பிடிக்க முடியும். அதையும் எத்தனை நாளைக்குப் பிடித்துக்கொண்டிருப்பது?

"சரி, எல்லா நாளும் வேண்டாம்" என்றேன். "இன்னைக்கு? இன்னைக்கு மட்டுமாவது சொல்லு."

யோசித்தாள். அவள் யோசித்தது என்னைக் கொன்றுபோட்டது. ஆனால் யோசித்ததனால்தான் அவள் சொன்னதை என்னால் நம்பவும் முடிந்தது.

"இன்னைக்கு மாட்டேன்" என்றாள்.

என் வீட்டுக்காரர் மூன்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. டீ அவர் கையில் சிந்தி வழிந்திருந்தது. வந்து எங்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். குடித்தோம். எழுந்து வண்டியில் ஏறினோம். பாப்பி எங்கும் தங்காமல் இரவெல்லாம் ஓட்டி வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான். பையை எடுத்தேனா இல்லையா என்று வீட்டுக்கு வந்தபிறகும் எனக்கு நினைவில்லை.

6

மறுநாள் டாக்குரியாவில் பொழுது விடிந்தபோது எனக்கு அந்த வார்த்தை காலாவதியாகிவிட்டது என்று தோன்றியது. இன்றைக்கு மாட்டேன் என்றது நேற்றைக்கு. காப்பியை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

"ஏட்டி, இன்னைக்கு?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரிந்தது. போர்வைக்குள்ளிருந்தே, "மாட்டேன் மா" என்றாள்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அருவி, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் என் காய்கறிக்கடை வங்காளத்தில் கொட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மாத்திரையை மாற்றி எழுதினாள். "கேக்கறதை நிறுத்தாதீங்க. என்ன பதில் வந்தாலும் கோவப்படாம கேளுங்க. பதில் சரியில்லைன்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க" என்றாள்.

கோபப்படாமல் கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும். தினம் கேட்கிறேன். சில நாள் உடனே சொல்கிறாள். சில நாள், "போ மா, தூங்க விடு" என்கிறாள், நான் காப்பி ஆறுகிறவரை அங்கேயே நிற்பேன். ஒரு நாள், "தெரியல மா" என்றாள். அன்றைக்கு அவரும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மா வீட்டு வாசலிலேயே போய் நின்றோம். தேறிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசை. எழுத முடியாது. இன்றைக்கு இருக்கிறாள் என்றுதான் எழுத முடியும்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அவர் கஞ்சி வைக்கிறேன் என்று சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். விடிந்து வெகுநேரம் ஆகியும் நான் செண்பகா அறைக்குப் போகவில்லை. அந்தப் பதைப்பே காய்ச்சலைவிடப் பெரிதாக இருந்தது. அப்போது கதவு திறந்தது. அவள்தான் வந்தாள். தலை வாரவில்லை, முகம் வீங்கியிருந்தது. வந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நீ கேக்கலியே மா."

"எந்திரிக்க முடியலட்டி. நீயே சொல்லு."

"மாட்டேன்" என்றாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அந்தப் பாறையில் நான் பிடித்த அதே மணிக்கட்டை மற்றக் கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கு நீ விட மாட்டேன்னு சொன்னியே" என்றாள். "நான் வழுக்கியிருந்தாலும் விட்டிருக்க மாட்டல்ல?"

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நீ சொல்லு மா. நீ இன்னைக்கு?"

இத்தனை மாதத்தில் யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவள் இல்லாவிட்டால் நான் எதற்கு என்று தினம் பாத்திரம் கழுவும்போது நினைப்பதை யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரம்மாவிடமும் இல்லை, பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷரிடமும் இல்லை. அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று ஒரு பொய்யைச் சொல்லிவிட வாய் வந்தது. சொல்லவில்லை. அவளைப்போலவே நானும் யோசித்துத்தான் சொன்னேன்.

"இன்னைக்கு மாட்டேன்ட்டி."